வயதின் மேல் பழி போடாதீர்கள்

"வயசாச்சுல்லா, உறக்கம் வரமாட்டேங்கு" என்று மயிலாடியில் என் வயதுக்காரர்கள் சொல்லும்போது கோபம்தான் வருகிறது. ராத்திரி பதினோரு மணிவரை சீரியல், பிறகு வாட்ஸ்அப், மறுநாள் மதியம் இரண்டு மணிநேரக் கிடப்பு. இதில் வயது என்ன செய்யும்?

உடலுக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. அது ஓடும் விதத்தைக் கண்டுபிடித்த மூவருக்கு 2017-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அதைத் திருத்துவது காலை வெளிச்சம். குழப்புவது ராத்திரி வெளிச்சம். 65 வயதுக்கு மேலும் ஏழெட்டு மணிநேர உறக்கம் வேண்டும்.

மாத்திரை இதற்கு வழியல்ல. நம் வயதில் அது ராத்திரி தடுக்கி விழவைக்கும், இடுப்பெலும்பு போகும். எப்போது படுத்தாலும் ஆறு மணிக்கு எழும்புங்கள். சிற்பப் பட்டறைகளில் உளிச்சத்தம் தொடங்குமுன் வெளியே நடங்கள். மதிய உறக்கம் அரைமணி போதும்.

ஏற்கனவே மாத்திரை போடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தவேண்டாம். டிவியை நிறுத்த யாரையும் கேட்கவேண்டாம்.