கணிப்பொறி பிறக்கும் மண்

வானளாவிய கட்டடங்கள், ஓயாத மழை, வண்ண விளக்குகள், மனிதனை ஆட்டிவைக்கும் இயந்திரங்கள் ஆகியவை நிறைந்த திரைப்படங்களைச் 'சைபர்பங்க்' வகை என்பர். 1982இல் வெளிவந்த 'பிளேடு ரன்னர்' இதற்குப் பேர்போன எடுத்துக்காட்டு. அந்த இயந்திரங்களுக்கு வேண்டிய உலோகத்தை யார் தோண்டி எடுத்தார்கள்? இவ்வகைப் படங்கள் பெரும்பாலும் அதைக் கேட்பதில்லை.

கேட்ட படம் ஒன்று உண்டு. சால் வில்லியம்ஸ், அனிசியா உசேமான் இருவரும் ருவாண்டாவில் எடுத்து, 2021இல் திரையிட்ட 'நெப்டியூன் ஃபிராஸ்ட்' என்பது அது. கதை நடப்பது அண்டை நாடான புருண்டியில். இவ்விரு நாடுகளும் 1962 வரை பெல்ஜியத்தின் ஆட்சியில் இருந்தவை. கோல்டான் சுரங்கத்தில் வேலை செய்யும் ஓர் இளைஞன், வேலையைச் சற்று நிறுத்தியதற்காகக் காவலாளியால் அடித்துக் கொல்லப்படுகிறான். அவனுடைய சகோதரன் ஊரைவிட்டு வெளியேறுகிறான். உடைந்த கணிப்பொறி உறுப்புகளால் ஆன ஒரு குடியிருப்பில் மற்றவர்களுடன் சேர்ந்து, உலகக் கணிப்பொறி வலைக்குள் ஊடுருவுகிறான்.

கோல்டானுக்கு ஏன் இத்தனை மதிப்பு? அதிலிருந்து கிடைக்கும் டான்டலம் (அணு எண் 73) என்ற உலோகத்தின் பொடியை அழுத்திச் சூடேற்றினால், கடற்பஞ்சு போல் நுண்துளைகள் நிறைந்த கட்டி உருவாகும். அத்துளைகளின் சுவர்களில் மிக மெல்லிய ஆக்சைடு படலத்தை மின்வேதி முறையில் வளர்க்கின்றனர். மின்தேக்கியின் தகட்டுப் பரப்பு கூடினாலும், தகடுகளின் இடைவெளி குறைந்தாலும் மின்தேக்குத்திறன் மிகும் எனப் படித்திருப்பீர்கள். இங்கு இரண்டுமே ஒருங்கே நிகழ்கின்றன! அரிசிமணி போன்ற சிறு மின்தேக்கி அதிக மின்னூட்டத்தைத் தாங்குவது இதனால்தான். கோல்டான் கிடைக்கும் முக்கிய இடங்களுள் காங்கோவும் ருவாண்டாவும் அடங்கும்.

படத்தில் குறை இல்லாமல் இல்லை. இருவர் சந்தித்ததும் இயந்திரங்கள் உயிர்பெறுகின்றன. மின்சாரம் எங்கிருந்து வந்தது என்பதற்கு விளக்கமே கிடையாது. பௌதிக ஆசிரியர் மதிப்பெண்ணைக் குறைக்கத்தான் செய்வார். நானும் குறைப்பேன். ஆனால் பொருளின் மூலத்தை ஆராய்வதும் அறிவியலின் பகுதியே. அந்தத் தேர்வில், கணக்குப் பிசகாத பல படங்களைவிட இதற்கே நான் கூடுதலாக இடுவேன்.

பழுதாகி ஒதுக்கப்பட்ட மின்னணுப் பலகை கிடைத்தால் ஆசிரியரின் துணையோடு உற்று நோக்குங்கள். ஒரு முனையில் கோடிட்ட சிறிய மஞ்சள் அல்லது கருப்புப் பெட்டி தென்படலாம். அது டான்டலம் மின்தேக்கியானால், அந்தக் கோடு குறிப்பது நேர்முனையை.