ஊர் சுத்தலாம் வாங்க! - தண்ணி போற பாதையில ஒரு சைக்கிள் சவாரி



இந்த வாரம் நம்ம மேட்டர் தண்ணி! (ஹலோ... ஹாஸ்டல் மொட்டை மாடி பக்கம் யோசனையைத் திருப்பாதீங்க. இது மேட்டூர் தண்ணி!)

பைக்கை எடுத்தோமா, ஈ.சி.ஆர்-ல முறுக்கினோமான்னு ட்ரிப் அடிக்கிறவங்க கொஞ்சம் ஓரமா நில்லுங்க. ப்ளஸ் ஒன்ல கவர்மென்ட் கொடுத்த சைக்கிள் வீட்டு மூலையில தூங்குதா? அதைத் தூசி தட்டுங்க. திருச்சியில காவிரிக் கரையில ஏறி, தண்ணி கூடவே உருண்டு, பூம்புகார்ல கடலைப் பார்க்கிறோம். மொத்தம் சுமார் 150 கிலோமீட்டர். மூணு நாள் போதும். பெட்ரோல் செலவு ஜீரோ!

'150 கிலோமீட்டரா? முட்டி கழண்டுடும் பாஸ்!'னு அலறாதீங்க. கணக்கு போட்டுப் பாருங்க. திருச்சி, கடல் மட்டத்துல இருந்து சுமார் 80 மீட்டர் உயரத்துல இருக்கு. பூம்புகார்ல அது பூஜ்யம். அதாவது, கிலோமீட்டருக்கு அரை மீட்டர் இறக்கம். கண்ணுக்கே தெரியாது. ஆனா, ஏற்றம்னு ஒண்ணு பாலம் ஏறும்போது மட்டும்தான் வரும். கியர் சைக்கிள் எல்லாம் தேவையே இல்லை. சிவில் மக்களுக்கு இது புரியும். ஓடுற தண்ணி ரொம்ப வேகமாப் போனா கரையை அரிக்கும், ரொம்ப மெதுவாப் போனா வண்டல் படியும். ரெண்டும் இல்லாத நடு வேகத்தைப் பிடிக்கத்தான் கென்னடி தியரி, லேஸி தியரின்னு நம்மளைப் படுத்தி எடுக்கறாங்க. பரீட்சைக்கு முந்தின நைட் மண்டையில ஏறாதது, மிதிக்கும்போது காலுக்கே புரியுது!

ஸ்டார்ட் மியூசிக்!

காலை அஞ்சரைக்கு திருச்சி. சர்க்கார்பாளையம் வழியா காவிரியை ஒட்டியே போற ரோட்டைப் பிடிங்க. இருபது கிலோமீட்டர்ல கல்லணை. டிபன் டைமுக்குப் போய்ச் சேர்ந்துடலாம்.

கரிகாலன் கட்டினதுன்னு அஞ்சாம் கிளாஸ்ல இருந்து மனப்பாடம் பண்ணியிருப்போம். நேர்ல நின்னு பார்த்தாத்தான் அதோட கெத்து தெரியும். தெற்கே இருந்து எண்ணிக்கிட்டே வாங்க. கல்லணைக் கால்வாய், வெண்ணாறு, காவிரி, அப்புறம் கொள்ளிடம். ஒரே தண்ணி, நாலு வழி! முதல் மூணும் வயலுக்கு. மிச்சம் மீதி வெள்ளம் கொள்ளிடத்துக்கு. ஆத்து மணல்ல அஸ்திவாரம் போட்டு எப்படிடா இது நிக்குதுன்னு மண்டையை உடைச்சுக்கிட்ட ஆள் ஆர்தர் காட்டன். இங்கே கத்துக்கிட்ட வித்தையை வெச்சுத்தான் 1836-ல முக்கொம்பு மேலணையையும், அணைக்கரை கீழணையையும் கட்டினார். அந்த முக்கொம்புல கொள்ளிடம் பக்கம் இருந்த ஒன்பது மதகுகளை 2018 ஆகஸ்ட் வெள்ளம் அடிச்சுக்கிட்டுப் போனதும், பக்கத்துலயே புதுக் கதவணை கட்டினதும் தனிக் கதை.

நாலுல கல்லணைக் கால்வாய் மட்டும் மனுஷன் வெட்டினது. மேட்டூர் அணை வந்த அதே 1934-ல வந்தது. தஞ்சாவூர்ல இன்னைக்கும் அதுக்குப் பேர் 'புது ஆறு'. வயசு 90-க்கு மேல ஆகியும் 'புது'ன்னே கூப்பிடற ஒரே பார்ட்டி இதுதான்!

கரையா, ரோடா?

ஃப்ரான்ஸ்ல கனால் டு மிடின்னு ஒரு கால்வாய். 1681-ல வேலை முடிஞ்சது, நீளம் 240 கிலோமீட்டர். படகைக் குதிரை இழுத்துக்கிட்டுப் போறதுக்காகக் கரையோரமா பாதை போட்டாங்க. குதிரை போயிடுச்சு, அதே பாதையில இப்போ சைக்கிள் போகுது. நம்ம ஊர் கதை வேற. இங்கே ஆறும் வாய்க்காலும் பாசனத்துக்கு. அதனால கரை ஒரே சீரா இருக்காது. ரெண்டு கிலோமீட்டர் சூப்பரா போகும், திடீர்னு கருவேல முள் வந்து 'டயரைக் குடு'ன்னு கேட்கும். அப்போ வீம்பு பண்ணாம கிராமத்து ரோட்டுல இறங்கிடுங்க. அடுத்த பாலத்துல மறுபடி கரை ஏறிக்கலாம்.

அல்வாவும் அரியரும்

கல்லணையில இருந்து திருக்காட்டுப்பள்ளி வழியா திருவையாறு. குடமுருட்டி இந்தப் பக்கம்தான் காவிரியை விட்டுப் பிரியுது. திருவையாறுல தியாகராஜர் சமாதி ஆத்தங்கரையிலயே இருக்கு. அப்படியே அசோகா அல்வா! பாசிப்பருப்புல செய்யற சமாச்சாரம், மிதிச்ச கலோரி மொத்தமும் ஒரே தட்டுல திரும்பி வந்துடும்.

அடுத்தது சுவாமிமலை. மெக்கானிக்கல் மக்கள் கட்டாயம் நிறுத்துங்க. மெழுகுல உருவம் செஞ்சு, மேல காவிரி வண்டல் மண்ணைப் பூசி, மெழுகை உருக்கி வெளியேத்தி, அந்த இடத்துல உலோகத்தை ஊத்தறாங்க. இன்வெஸ்ட்மென்ட் காஸ்ட்டிங்னு நாம படிக்கிற அதே சங்கதி, சோழர் காலத்துல இருந்து நடக்குது.

கும்பகோணத்துல டிகிரி காபி அடிச்சுட்டு, காவிரிக் கரையில இருக்கிற அரசுக் கலைக் கல்லூரியை எட்டிப் பாருங்க. 1854-ல ஆரம்பிச்சது. கணித மேதை ராமானுஜன் படிச்ச இடம். கணக்கைத் தவிர வேற எதையும் சீந்தாம, மத்த பேப்பர்ல கோட்டை விட்டு, ஸ்காலர்ஷிப்பையே பறிகொடுத்தார். (இதை வீட்டுல அரியருக்கு ஆதாரமாக் காட்டாதீங்க. முதல்ல அந்தக் கணக்கைப் போட்டுக் காட்டச் சொல்வாங்க!)

'மேல தண்ணி எப்படிப்பா?'

இதுக்கு அப்புறம்தான் பயணத்தோட நிஜமான பாடம். கவனிச்சுக்கிட்டே வாங்க... ஆறு சின்னதாகிக்கிட்டே வரும். மத்த ஆறெல்லாம் போகப் போக அகலமாகும். காவிரி உல்டா! வழியெல்லாம் பிரிச்சுக் கொடுத்துக் கொடுத்து, திருச்சியில கடல் மாதிரி இருந்தது, மயிலாடுதுறை தாண்டினா ஒரு வாய்க்கால் சைஸுக்கு இளைச்சிடும்.

நாங்க நாலு பேர் போனப்போ ஒரு விஷயம் நடந்தது. கல்லணைப் பக்கம் டீக்கடையில எல்லாரும் கேட்டது, 'எந்த காலேஜ் தம்பி?' கும்பகோணம் தாண்டினதும் கேள்வி மாறிடுச்சு. 'கல்லணையில இருந்தா வர்றீங்க? மேல தண்ணி எப்படிப் போகுது? ரெண்டு கரையும் தொட்டுக்கிட்டுப் போகுதா?' குத்தாலத்துல ஒருத்தர், மயிலாடுதுறை தாண்டி ரெண்டு பேர். நாத்தங்கால்ல நாத்து ரெடி, வாய்க்கால்ல இன்னும் தண்ணி ஏறலை. டி.வி-யில மேட்டூர் நீர்மட்டம் சொல்றாங்கதான். ஆனா, நேத்து அந்தத் தண்ணியைக் கண்ணால பார்த்துட்டு வந்தவன் சொல்ற பதிலுக்கு அவங்க முகத்துல இருந்த எதிர்பார்ப்பு இருக்கே... எந்த வைவாவுலயும் நான் அவ்வளவு யோசிச்சுப் பதில் சொன்னதில்லை.

மேட்டூர் திறக்கிறதுக்குன்னு ஒரு தேதி இருக்கு. ஜூன் 12. 2022-ல மே 24-லயே திறந்தாங்க. 2024-ல ஜூலை 28 வரைக்கும் காத்துக்கிடக்க வேண்டியதாச்சு. திறந்த தண்ணி கல்லணைக்கு வர மூணு நாள். அங்கே இருந்து பிரிஞ்சு, பத்தாக்குறைன்னா முறை வெச்சு விட்டு, கடைசியில கடைமடை. அங்கே ஒரு வாரம் தாமதம்னா குறுவையா, இல்லை நேரா சம்பாவான்னு ஒரு குடும்பம் முடிவை மாத்திக்கணும். புத்தகத்துல 'டெயில் எண்ட்'னு ரெண்டு மார்க் கேள்வியா படிச்சது, நேர்ல ஒரு மனுஷனா நின்னு நம்மகிட்ட கேள்வி கேட்குது. கார்ல போனா இது கிடைக்காது. பைக்ல போனாலும் கிடைக்காது. கை காட்டினா நிறுத்தற வேகத்துல போறவனைத்தான் ஊர் கூப்பிட்டுப் பேசும்.

பூம்புகாருக்குக் கொஞ்சம் முன்னால மேலையூர்ல காவிரியோட கடைசிக் கதவணை. இறங்கி அஞ்சு நிமிஷம் நில்லுங்க. அதுக்கப்புறம் கடல்தான்.

கிளம்பறதுக்கு முன்னாடி...

* ஆகஸ்ட், செப்டம்பர் பெஸ்ட். ஆத்துல தண்ணி இருக்கும், மேல்காத்து முதுகுல கை வெச்சுத் தள்ளும். எதிர்த்திசையில கிளம்பிடாதீங்க, ஆடிக் காத்துல அம்மியே பறக்கும்! பொங்கலுக்கு அப்புறம் ஜனவரியும் ஓகே. அக்டோபர் டூ டிசம்பர் மழை, வேண்டாம்.
* சைக்கிளை ஓவராயில் பண்ணிடுங்க. பிரேக் கட்டை புதுசா மாத்துங்க. பஞ்சர் சொல்யூஷன், ஒட்டு, கைப்பம்ப், ஒரு ட்யூப் கூடவே இருக்கட்டும்.
* ஆளுக்கு ரெண்டு லிட்டர் தண்ணி. 11 மணியில இருந்து 3 மணி வரைக்கும் மர நிழல், சாப்பாடு, தூக்கம். பொழுது சாய்ஞ்சா ஓட்டாதீங்க. கரை ரோட்டுல பஸ்ஸுக்கே இடம் பத்தாது.
* கல்லணை, கொள்ளிடம், மதகுப் பக்கம் குளிக்கவே கூடாது. மேல அமைதியா இருக்கும், அடியில இழுக்கும். ஷட்டர் எப்போ ஏத்துவாங்கன்னு நமக்குத் தெரியாது. ஊர்க்காரங்க இறங்கற படித்துறையில, அவங்ககிட்ட கேட்டுட்டு இறங்குங்க.
* கேர்ள்ஸ், நீங்களும்தான்! நாலஞ்சு பேரா சேருங்க. ராத்திரி தங்கல் கும்பகோணம், மயிலாடுதுறைன்னு டவுன்ல வெச்சுக்கங்க. ரூட்டை எழுதி வீட்டுல கொடுத்துடுங்க.
* திரும்ப மிதிக்க வேணாம். மயிலாடுதுறை ஸ்டேஷன்ல சைக்கிளை பார்சல் புக் பண்ணிட்டு ட்ரெய்ன் ஏறிடலாம். எந்த ட்ரெய்ன்ல ஏத்துவாங்கன்னு முன்னாடியே கேட்டு வெச்சுக்கங்க.

முக்கியமா, கல்லணையில தண்ணி எவ்வளவு போகுதுன்னு நல்லாப் பார்த்துட்டுக் கிளம்புங்க. வழியில கண்டிப்பா கேட்பாங்க. சரியான பதிலோட போங்க!

(அடுத்த வாரமும் சுத்துவோம்...)