கையில் கதை இருக்கு... கேட்க ஆள் எங்கே? சேலத்து எழுத்தாளர்களுக்குக் கோடம்பாக்கக் கதவு திறக்காதது ஏன்?

சேலம் ஜங்ஷன் இருப்பது சூரமங்கலத்தில். ராத்திரி ஏற்காடு எக்ஸ்பிரஸில் ஏறிப் படுத்தால் விடிவதற்குள் சென்னை சென்ட்ரல். ஏறத்தாழ 340 கிலோமீட்டர். அங்கிருந்து வடபழனி, சாலிகிராமம் போய்ச் சேர இன்னும் கொஞ்ச நேரம், அவ்வளவுதான். ஆனா, பையில் இருக்கிற ஸ்கிரிப்ட் ஒரு தயாரிப்பாளரின் மேஜைக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்? சிலருக்குப் பத்து வருஷம் ஆகிறது. பலருக்கு அது நடப்பதே இல்லை.

இத்தனைக்கும் சினிமா வியாபாரத்தில் 'சேலம்' என்பது ஒரு தனி ஏரியா. சென்னை, செங்கல்பட்டு, கோவை, மதுரை மாதிரி சேலத்துக்கும் விநியோக உரிமை தனியாக விலை பேசப்படுகிறது, வசூல் தனியாக எண்ணப்படுகிறது. அதாவது, டிக்கெட் வாங்கும் ஊர் என்ற கணக்கில் சேலம் இருக்கிறது. கதை கொடுக்கும் ஊர் என்று பார்த்தால் நிலைமை வேறு. ஒரு காலத்தில் இது தலைகீழாக இருந்தது.

எழுத்தாளர்கள் சேலத்துக்கு ரயில் ஏறிய காலம்

ஏற்காடு போகும் சாலையில் இன்றைக்கும் நிற்கிறதே ஒரு வளைவு, மாடர்ன் தியேட்டர்ஸ், அங்கேதான். டி.ஆர். சுந்தரம் 1930களில் தொடங்கிய ஸ்டூடியோ அது. மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' (1938), தமிழில் முதல் முழு நீள வண்ணப்படம் என்று சொல்லப்படும் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) எல்லாம் அங்கிருந்து வந்தவை.

படங்களின் பட்டியலைவிட நமக்கு முக்கியம், அந்த ஸ்டூடியோ எழுத்தாளர்களை எப்படி வைத்திருந்தது என்பது. அப்போதெல்லாம் பெரிய நிறுவனங்களில் 'கதை இலாகா' என்று ஒன்று உண்டு. பழைய படங்களின் டைட்டிலில் 'ஏவி.எம். கதை இலாகா' என்று பார்த்திருப்பீர்கள். மாதச் சம்பளம், உட்கார்ந்து எழுத இடம், எழுதியதை உடனே படித்துப் பார்த்து 'இது வேணும், இது வேண்டாம்' என்று சொல்ல முதலாளி. மாடர்ன் தியேட்டர்ஸிலும் இதே ஏற்பாடுதான். கண்ணதாசன் அங்கே வேலை பார்த்தார். பாரதிதாசன் அவர்களுக்காக 'பொன்முடி' (1950), 'வளையாபதி' (1952) எழுதினார். கருணாநிதி சேலத்தில் தங்கி எழுதியதுதான் எம்.ஜி.ஆர். நடித்த 'மந்திரி குமாரி' (1950).

கருணாநிதி அங்கே எப்படி வந்தார்? கவிஞர் கா.மு. ஷெரீப் சிபாரிசு செய்து டி.ஆர். சுந்தரத்திடம் அறிமுகப்படுத்தினார். ஆக, அந்தக் காலத்திலும் அறிமுகம் இல்லாமல் வேலை நடக்கவில்லை. 'அப்போ திறமை இருந்தா போதும், இப்போதான் சிபாரிசு' என்ற பேச்சு சும்மா. வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. அறிமுகம் கிடைத்த பிறகு, எழுத்தைப் படிக்க ஒரு துறையே அன்றைக்கு இருந்தது. இன்றைக்கு அறிமுகம் கிடைத்தாலும் படிக்க ஆள் இல்லை.

'கதை, திரைக்கதை, வசனம், இயக்கம்' என்ற ஒற்றை வரி

ஸ்டூடியோக்கள் சரிந்தபோது கதை இலாகாக்களும் போயின. 1980களில் கே. பாக்யராஜ், டி. ராஜேந்தர் போன்றவர்கள் கதை முதல் இயக்கம் வரை தாங்களே செய்து பெரிய வெற்றி பெற்றார்கள். அதுவே கோடம்பாக்கத்தின் வழக்கமாகிவிட்டது. நல்ல படங்கள் வந்தன, அதில் சந்தேகமில்லை. ஆனா, பக்க விளைவு ஒன்று உண்டு: 'நான் எழுத்தாளர், டைரக்டர் ஆக ஆசையில்லை' என்று ஒருவர் சொன்னால், அவரை எங்கே வைப்பது என்று தெரியாத துறையாக தமிழ் சினிமா மாறியது.

அதனால்தான் எழுத்தாளர் ஆக வந்தவரிடமும் முதல் கேள்வி, 'யார்கிட்ட அசிஸ்டென்ட்டா இருந்தீங்க?' என்பதாக இருக்கிறது. உதவி இயக்குநராகச் சேர்ந்து, டிஸ்கஷனில் உட்கார்ந்து, சீன் சொல்லி, ஹீரோவின் மேனேஜர் நம்பர் வாங்கி, ஒருநாள் 'கதை சொல்ல' நேரம் கிடைக்கும். கவனியுங்கள், கதை சொல்லத்தான் நேரம் கிடைக்கும். கொடுத்துவிட்டு வர இல்லை. தமிழ் சினிமா பெரும்பாலும் ஸ்கிரிப்டைப் படிப்பதில்லை, கேட்கிறது. அழகாக எழுதத் தெரிந்து, இரண்டரை மணி நேரம் நடித்துக் காட்டத் தெரியாதவர் இந்த இடத்திலேயே தோற்றுப்போகிறார்.

பக்கத்தில் கேரளாவைப் பாருங்கள். எம்.டி. வாசுதேவன் நாயர், லோகிததாஸ், ஸ்ரீனிவாசன் என எழுத்தாளர் பெயருக்கே அங்கே ஒரு மவுசு. இந்தத் தலைமுறையில் சியாம் புஷ்கரன்: 'மகேஷிண்டே பிரதிகாரம்' (2016), 'கும்பளங்கி நைட்ஸ்' (2019) இரண்டையும் இயக்கியவர்கள் வேறு வேறு ஆட்கள், எழுதியவர் ஒருவர். தமிழில் சுஜாதா, ஜெயமோகன், எஸ். ராமகிருஷ்ணன் போன்றவர்கள் வந்தார்கள் என்றாலும், ஏற்கெனவே புத்தகங்களால் பெயர் பெற்ற பிறகு வந்தவர்கள். புதுசா எழுதுகிறவருக்கு அந்தப் பாதை பொருந்தாது.

மெயில் அனுப்பினால் ஏன் பதில் வருவதில்லை?

பலர் இதைத் திமிர் என்று நினைக்கிறார்கள். கொஞ்சம் திமிரும் இருக்கலாம். ஆனா, முக்கியக் காரணம் பயம்.

முன்பின் தெரியாத ஒருவரின் கதையை ஒரு நிறுவனம் வாங்கிப் படித்தது என்று வையுங்கள். ரெண்டு வருஷம் கழித்து அதே நிறுவனம் அதே சாயலில் ஒரு படம் எடுத்தால், 'என் கதையை அவங்க படிச்சாங்க, இதோ மெயில்' என்று கோர்ட்டுக்குப் போகலாம். கதைத் திருட்டு வழக்கில் 'எதிராளி கையில் என் எழுத்து கிடைத்தது' என்பது பெரிய ஆதாரம். அதனால் படிக்காமல் இருப்பதே பாதுகாப்பு என்று நிறுவனங்கள் நினைக்கின்றன. நெட்ஃபிளிக்ஸ் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறது: ஏற்கெனவே தொடர்பில் உள்ள ஏஜென்ட், தயாரிப்பாளர் போன்றவர்கள் வழியாக வந்தால் மட்டுமே பார்ப்போம், நேரடியாக அனுப்பினால் ஏற்க மாட்டோம் என்று.

எழுத்தாளர் பக்கமும் அதே பயம். அதற்குப் பெரிய உதாரணம் 'சர்கார்'. 2007-ல் 'செங்கோல்' என்ற கதையைத் தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்தில் பதிவு செய்திருந்தார் வருண் ராஜேந்திரன். 2018-ல் விஜய் நடித்த 'சர்கார்' வெளிவரும் முன், இரண்டும் ஒன்று என்று புகார் கொடுத்தார். அப்போது சங்கத் தலைவராக இருந்த பாக்யராஜ், இரண்டு கதைகளுக்கும் ஒற்றுமை இருப்பதாகச் சொன்னார். ஏ.ஆர். முருகதாஸ் திருட்டுக் குற்றச்சாட்டை மறுத்தார். கடைசியில் அக்டோபர் 2018-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் சமரசம் ஆகி, வருணின் பெயரைப் படத்தில் குறிப்பிட ஒப்புக்கொள்ளப்பட்டது. யார் சொன்னது சரி என்று தீர்ப்பு வரவில்லை, சமரசம்தான். ஆனா, 11 வருஷத்துக்கு முன்னாடி போட்ட ஒரு பதிவு இல்லையென்றால் அந்தப் பேச்சுவார்த்தையே நடந்திருக்காது.

பதிவு எதைக் காப்பாற்றும், எதைக் காப்பாற்றாது?

'ஒரு ஐடியா இருக்கு' என்பதற்குச் சட்டத்தில் பாதுகாப்பு கிடையாது. ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் 1978-லேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது: கருத்துக்குக் காப்புரிமை இல்லை, அதை எழுதியிருக்கும் விதத்துக்குத்தான். அதனால் 'ஓட்டைத் திருடிட்டாங்க, ஹீரோ தட்டிக் கேட்கிறான்' என்ற ஒன்லைனைப் பூட்டி வைக்க முடியாது. பாத்திரங்கள், காட்சி வரிசை, திருப்பங்கள், வசனம் என்று விரித்து எழுதினால்தான் அது உங்கள் சொத்து. எழுதி முடித்த அந்த நிமிடமே உரிமை வந்துவிடுகிறது, பதிவு கட்டாயமில்லை. ஆனா தேதியோடு ஆதாரம் வேண்டும் என்பதால் பதிவு செய்துவிடுவது நல்லது.

மத்திய அரசின் காப்புரிமை அலுவலக இணையதளத்தில் இலக்கியப் படைப்பு என்ற பிரிவில் ஸ்கிரிப்டைப் பதியலாம், கட்டணம் 500 ரூபாய். சூரமங்கலத்தில் வீட்டில் உட்கார்ந்தே முடிக்கிற வேலை. சென்னையில் உள்ள எழுத்தாளர் சங்கம் தவிர, மும்பையில் இருக்கும் ஸ்கிரீன்ரைட்டர்ஸ் அசோசியேஷனில் உறுப்பினராகி ஆன்லைனிலும் பதிய முடியும்.

கதை விலை போகும்போது இன்னொன்று. காப்புரிமைச் சட்டத்தின் 19-வது பிரிவுப்படி, உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடவில்லை என்றால் 5 வருஷம் என்றும், இடம் குறிப்பிடவில்லை என்றால் இந்தியாவுக்குள் என்றும்தான் அர்த்தம். வேறு மாதிரி எழுதப்படாவிட்டால், வாங்கியவர் ஒரு வருஷத்துக்குள் பயன்படுத்தாத உரிமை காலாவதியாகும். 'அட்வான்ஸ் கொடுத்துட்டு அஞ்சு வருஷமா கதையைக் கிடப்பில போட்டுட்டாங்க' என்று புலம்புகிறவர்களில் பலர் இந்தப் பிரிவைப் படித்ததே இல்லை.

அப்போ, நிஜமாகத் திறக்கிற கதவுகள் எவை?

சமீப காலத்தில் தமிழில் நன்றாக வேலை செய்த கதவு, கலைஞர் டிவியின் 'நாளைய இயக்குனர்'. கார்த்திக் சுப்புராஜ் ('பீட்சா', 2012), நலன் குமாரசாமி ('சூது கவ்வும்', 2013), அருண்குமார் ('பண்ணையாரும் பத்மினியும்', 2014), பின்னாளில் 'மகாராஜா' (2024) எடுத்த நிதிலன் சாமிநாதன் என்று அந்த மேடையிலிருந்து வந்தவர்களின் வரிசை நீளம். அது ஏன் வேலை செய்தது? குறும்படத்தைத் தயாரிப்பாளர் பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். டிவியில் வந்துவிட்டதால் 'இது யாருடையது' என்ற சண்டையும் இல்லை. ஆனா இதுவும் படம் எடுக்கத் தெரிந்தவர்களுக்கான கதவுதான். எழுத மட்டும் தெரிந்தவருக்கு அங்கே நாற்காலி இல்லை.

எழுத்தை எழுத்தாகவே படிக்கும் இடம் என்றால் தேசிய திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின், அதாவது என்.எஃப்.டி.சி-யின், திரைக்கதை எழுத்தாளர் பயிற்சி முகாமைச் சொல்லலாம். விண்ணப்பங்களிலிருந்து ஆண்டுதோறும் ஒரு சில ஸ்கிரிப்ட்களை எடுத்து, அனுபவமுள்ள எழுத்தாளர்களோடு உட்கார வைத்துத் திருத்தி, நவம்பரில் கோவாவில் நடக்கும் ஃபிலிம் பஜாரில் தயாரிப்பாளர்கள் முன்னால் பேச வைக்கிறார்கள். 'தி லஞ்ச்பாக்ஸ்' (2013) இந்த வழியாக வந்த படம்தான். சிக்கல் என்னவென்றால் அங்கே புழங்கும் மொழி ஆங்கிலம். சேலத்து வட்டாரப் பேச்சில் உயிரோடு இருக்கும் ஒரு காட்சி, ஆங்கிலச் சுருக்கத்தில் வாடிப்போகும். தமிழிலேயே படித்துத் தேர்வு செய்யும் இப்படியொரு முகாமைத் தமிழ்நாடு அரசு நடத்தலாம். தரமணியில் அரசின் எம்.ஜி.ஆர். திரைப்படக் கல்லூரி இருக்கிறது, கட்டடம் கட்டிக்கொண்டு காத்திருக்கத் தேவையில்லை.

அமெரிக்காவில் இதையே ஒரு பட்டியலால் சாதித்தார்கள். 2005-ல் ஃபிராங்க்ளின் லெனார்ட் என்பவர், ஸ்டூடியோக்களில் ஸ்கிரிப்ட் படிக்கும் வேலையில் இருப்பவர்களிடம் 'இன்னும் படமாகாத, உங்களுக்குப் பிடித்த ஸ்கிரிப்ட் எது?' என்று கேட்டுத் தொகுத்ததுதான் 'பிளாக் லிஸ்ட்'. 'ஜூனோ', 'ஸ்லம்டாக் மில்லியனர்' எல்லாம் அந்தப் பட்டியல்களில் இருந்தவை. இங்கே அப்படி ஒரு பட்டியல் போட முடியாததற்குக் காரணம் எளிது: பட்டியல் போட முதலில் யாராவது படித்திருக்க வேண்டுமே!

இந்த இடைவெளியில்தான் ஏமாற்றுக்காரர்கள் கடை போடுகிறார்கள். 'ஹீரோகிட்ட கதை சொல்ல ஏற்பாடு பண்றேன், முன்பணம் கட்டு' என்று ஒருவர் கேட்டால் அந்த இடத்திலேயே போனை வைத்துவிடுங்கள். கதைக்குக் காசு வாங்க வேண்டியது எழுதியவர், கொடுக்க வேண்டியது தயாரிப்பாளர். இது தலைகீழாக நடந்தால் அங்கே சினிமா இல்லை. யாரிடம் கதை சொன்னாலும், அன்றைக்கே 'இன்ன கதையை இன்று உங்களிடம் சொன்னேன், நேரம் ஒதுக்கியதற்கு நன்றி' என்று ஒரு மெயிலோ வாட்ஸ்அப்போ போட்டு வையுங்கள். மரியாதைக்கு மரியாதை, ஆதாரத்துக்கு ஆதாரம்.

யாரால் காத்திருக்க முடிகிறது?

இந்த விஷயத்தில் அதிகம் பேசப்படாதது பணம். உதவி இயக்குநராக இருந்து காத்திருப்பதுதான் வழி என்றால், சென்னையில் வாடகை கொடுத்து, சொற்பச் சம்பளத்தில், சில மாதம் அதுவும் இல்லாமல் வருஷக்கணக்கில் தாக்குப்பிடிக்க வேண்டும். வீட்டில் ஆதரவு உள்ளவரால் முடியும். தறிக் கூலியையோ லாரி பட்டறைச் சம்பளத்தையோ நம்பியிருக்கும் குடும்பத்துப் பிள்ளையால் எத்தனை மாதம் முடியும்? பெண்களுக்கு இதோடு தங்குமிடப் பிரச்னை, பாதுகாப்புப் பிரச்னை. யார் கதை எழுதலாம் என்பதை எழுத்து தீர்மானிப்பதற்கு முன்னாடியே வாடகை தீர்மானித்துவிடுகிறது. திரையில் விசைத்தறியும் ஜவ்வரிசி ஆலையும் முட்டைப் பண்ணையும் அபூர்வமாகவே வருவதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே தோன்றுகிறது.

இதைப் புரிந்துகொண்டு செய்யப்பட்ட முயற்சி, இயக்குநர் வெற்றிமாறன் தொடங்கிய ஐ.ஐ.எஃப்.சி. பொருளாதார ரீதியில் பின்தங்கிய குடும்பங்களைச் சேர்ந்த பட்டதாரிகளுக்கு அங்கே இலவசமாகத் திரைப்படப் பயிற்சி. ஒரு தனிமனிதர் தொடங்கிய நிறுவனம் ஒரு சில இளைஞர்களுக்குத்தான் இடம் தர முடியும். சேலம், நாமக்கல், தருமபுரியில் எழுதிக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்கு, ஊரில் இருந்தபடியே ஸ்கிரிப்டை அனுப்பி, படித்துவிட்டு 'ஆமாம்' அல்லது 'இல்லை' என்று பதில் வாங்க, தமிழில் இன்றைக்கு ஒரு முகவரி வேண்டும்.