புளியிலையும் பொற்றுகளும்

நீரிழிவு நோயுள்ள பெரியவர் ஒருவர் வாழும் வீட்டிலே, காலைதோறும் நிகழும் சிறு காரியமொன்றை நம்மிற் பலர் கண்டிருப்போம். விரல் நுனியில் ஊசியாற் குத்தி, ஒரு துளி இரத்தத்தை மெல்லிய பட்டையொன்றில் வைக்கின்றனர். சில விநாடிகளிற் சிறு கருவி ஓர் எண்ணைக் காட்டுகின்றது. அவ்வெண்ணை நம்பியே அன்றைய உணவும் மருந்தும் அமைகின்றன. 'உயிருணரி' எனப்படும் சாதனங்களுள் நம் வீடுகளில் நன்கு பழகியது இப்பட்டையேயாகும்.

உயிருணரிக்கு இரண்டு உறுப்புகள் உண்டு. ஒன்று, தேடும் பொருளை மட்டும் இனங்காண்பது. மற்றையது, கண்டதை நமக்கு அறிவிப்பது. 1962ஆம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானிகளான கிளார்க், லயன்ஸ் ஆகிய இருவரும் குளுக்கோசை இனங்காணும் நொதியமொன்றை மின்வாயுடன் இணைத்து இத்துறைக்கு வழிகாட்டினர். அங்கே இனங்கண்டது நொதியம்; அறிவித்தது மின்வாய்.

அறிவிக்கும் வேலைக்குப் பொன்னும் ஏற்றது. ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் கூறாக்கினால், ஒரு கூறு ஒரு நனோமீற்றர். தலைமயிர் ஒன்றின் தடிப்பு ஏறக்குறைய 80,000 நனோமீற்றர். இருபது, முப்பது நனோமீற்றர் அளவான பொற்றுகள்கள் நீரில் மிதக்கும்போது, நீர் மஞ்சளாகத் தோன்றுவதில்லை. மாணிக்கச் சிவப்பாகத் தோன்றும். துகள்கள் ஒன்றையொன்று நெருங்கித் திரண்டால் அந்நிறம் நீலமாக மாறும். மைக்கேல் பரடே இச்செந்நிறத்தை 1857ஆம் ஆண்டிலேயே ஆராய்ந்தார். கொரோனாப் பெருந்தொற்றுக் காலத்தில் வீடுகளிற் பயன்பட்ட பரிசோதனை அட்டைகள் பலவற்றிலே தோன்றிய சிவப்புக் கோடும், பிறபொருளெதிரி பூசிய பொற்றுகள்கள் ஓரிடத்திற் சேர்ந்தமையால் உண்டானதே. அக்கோடு படிந்த வெண்டாளோ தாவரச் செலுலோசிலிருந்து ஆக்கப்படுவது.

பொன்னின் உப்பைக் கரைத்து, இரசாயனப் பொருளொன்றைச் சேர்த்து இத்துகள்களை உண்டாக்குவது ஆய்வுகூட வழக்கம். அவ்வாறு சேர்க்கும் பொருள்களுட் சில நச்சுத்தன்மை வாய்ந்தவை. இலைச்சாறு இவ்வேலையைச் செய்யாதோ என்று எண்ணினர் சிலர். புனே நகரிலுள்ள தேசிய இரசாயன ஆய்வுகூடத்தைச் சேர்ந்த முரளி சாஸ்திரியும் அவர் குழுவினரும் எலுமிச்சைப்புற் சாற்றைப் பொன்னுப்புக் கரைசலுடன் கலந்து, சாதாரண வெப்பநிலையிலேயே முக்கோண வடிவான பொற்றகடுகளைப் பெற்று, 2004ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அடுத்த ஆண்டிலே நமது புளியமரத்தின் இலைச்சாற்றாலும் இது கைகூடிற்று. அத்தகடுகள் சில ஆவிகளை உணரவும் உதவக்கூடும் எனக் காட்டப்பட்டது. இலையிலுள்ள வெல்லங்கள், பீனோல்கள் முதலியன பொன் அயன்களுக்கு இலத்திரன்களை வழங்கித் துகள்களாக்குகின்றன. பின்னர் இலைப்பொருள்களே துகள்களைப் போர்த்து, அவை திரளாவண்ணம் காக்கின்றன. 2012ஆம் ஆண்டில் தோடம்பழச் சாற்றைச் சூடாக்கி ஒளிரும் காபன் துகள்களையும் பெற்றனர்.

இவ்வளவிலே நாம் மகிழ்ந்து நின்றுவிடலாகாது. மழைக்காலத்துப் புளியிலையும் கோடைக்காலத்துப் புளியிலையும் ஒன்றல்ல. மண், மரத்தின் வயது, பறித்த காலம் ஆகியன மாறச் சாறும் மாறும். சாறு மாறத் துகளின் பருமனும் வடிவும் மாறும். அரிசி அளக்கும் கொத்து ஒரு நாள் சுருங்கி மறுநாள் விரியுமாயின், அதை வைத்து வியாபாரம் செய்ய இயலுமா? உயிருணரியும் ஓர் அளவையே. மேலும், துகளைக் காக்கும் அதே இலைப்போர்வை, இனங்காணும் பொருள் அத்துகளில் ஒட்டிக்கொள்வதற்குத் தடையாகவும் நிற்கக்கூடும்.

இது ஆய்வுகூடத்தோடு முடியும் சங்கதியன்று. யாழ்ப்பாணக் குடாநாட்டிலே சுண்ணக்கற் பாறைகளினிடையே தங்கும் நிலத்தடி நீரை நம்பிக் குடும்பங்கள் வாழ்கின்றன. தோட்டத்திலிட்ட உரத்திலிருந்தும் மலக்குழிகளிலிருந்தும் நைத்திரேற்று அந்நீரிற் கலக்கின்றது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. கொதிக்க வைத்தாலும் அது போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்துள்ள எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதனை மிஞ்சிய நீரிற் பாலைக் கரைத்து ஊட்டினால், கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றல் குன்றி, உடல் நீலம் பாரிக்கலாம். நைத்திரேற்றை இனங்காணும் நொதியம் ஒன்று சோளத்தின் இலையிலேயே உண்டு. நீரைச் சோதிக்க அது பயன்பட்டும் இருக்கின்றது. ஆகவே, இனங்காண்பதையும் அறிவிப்பதையும் தாவரத்திலிருந்தே பெற்று, மலிவான பட்டையொன்றை ஆக்கும் எண்ணம் வெறுங் கனவன்று. ஆனால், தீய நீரை 'நன்று' என்று காட்டும் பட்டை, பட்டையே இல்லாத நிலையினும் கொடியது. பட்டை இல்லாத தாய் ஐயுறுவாள். பட்டையை நம்பிய தாய் ஐயமின்றி ஊட்டிவிடுவாள்.

எனவே, இலைச்சாற்றிலிருந்து உயிருணரி கண்டோம் என்ற செய்தியைப் படிக்கும் மாணவர்கள் மூன்று வினாக்களை எழுப்புதல் நன்று. வெவ்வேறு காலத்திற் பறித்த இலைகளாற் செய்தபோதும் ஒரே விடை கிடைத்ததா? தேடிய பொருளுக்கு மட்டுமே அது நிறம் மாறிற்றா, வேறு உப்புகளுக்கும் மாறிற்றா? வடித்த நீரில் மட்டுமன்றி, உப்பும் சுண்ணாம்பும் கலந்த உண்மையான கிணற்று நீரிலும் அது சோதிக்கப்பட்டதா? இவற்றுக்கு விடை கூறும் ஆராய்ச்சியே மக்களுக்குப் பயன்படும். அத்தகைய பட்டை நம் கைக்கு வரும்வரை, வீட்டிற் கைக்குழந்தை உள்ளவர்கள் தங்கள் கிணற்று நீரைத் தக்க ஆய்வுகூடமொன்றிற் கொடுத்துச் சோதித்துக் கொள்வார்களாக.