‘டெமோ’ என்று நினைத்தார்கள்... ஹிட்டடித்தது! - 42 வயதில் வில்லி நெல்சனுக்கு விடிந்த கதை

ஆல்பம் கதைகள்

1975-ம் ஆண்டு. அமெரிக்காவின் பெரிய இசை நிறுவனங்களில் ஒன்றான கொலம்பியா ரெக்கார்ட்ஸில் ஒரு டேப்பைப் போட்டுக் கேட்கிறார்கள். ஒரு கிட்டார், ஒரு குரல். அவ்வப்போது ஒரு பியானோ. எங்கோ தூரத்தில் ஹார்மோனிகா. டிரம்ஸ் இருக்கிறதா, இல்லையா என்று காதைத் தீட்டிக்கொண்டுதான் தேட வேண்டும்.

கேட்டவர்களுக்குக் குழப்பம். இது வெறும் டெமோதானே, வயலின், கோரஸ் எல்லாம் எப்போது சேர்ப்பார்கள் என்று நினைத்தார்கள்.

பாடியவரோ, இதுதான் ஆல்பம் என்றார். அவர் பெயர் வில்லி நெல்சன். ஆல்பத்தின் பெயர் ‘ரெட் ஹெடட் ஸ்ட்ரேஞ்சர்’. செம்பட்டை முடிக்கார அந்நியன் என்று பொருள். இன்று கன்ட்ரி இசையின் மிகச் சிறந்த ஆல்பங்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் அதில் இதற்கு ஓர் இடம் உண்டு.

ஊருக்கெல்லாம் பாட்டு... தனக்கு?

டெக்சாஸ் மாநிலத்தில் அபாட் என்ற சின்ன ஊரில் 1933-ல் பிறந்தவர் வில்லி. அவரையும் அக்கா பாபியையும் வளர்த்தது தாத்தாவும் பாட்டியும்தான். சிறுவயதிலேயே கிட்டாரும் பாட்டும் ஒட்டிக்கொண்டன. வளர்ந்த பிறகு ரேடியோ அறிவிப்பாளர் உட்பட கிடைத்த வேலையையெல்லாம் செய்தார். கைச்செலவுக்குக் காசில்லாத நாள்களில், தான் எழுதிய ‘ஃபேமிலி பைபிள்’ பாட்டை வெறும் 50 டாலருக்கு விற்றார். ‘நைட் லைஃப்’ பாட்டு 150 டாலருக்குப் போனது. இரண்டையும் பின்னாளில் மற்றவர்கள் பாடிப் பெயர் வாங்கினார்கள்.

கன்ட்ரி இசையின் தலைநகரமான நாஷ்வில் அவரைப் பாடலாசிரியராகக் கொண்டாடியது. 1961-ல் பேட்சி க்ளைன் பாடிய ‘க்ரேஸி’, ஃபேரன் யங் பாடிய ‘ஹலோ வால்ஸ்’ இரண்டும் வில்லி எழுதியவை. இரண்டுமே பெரிய ஹிட். ஆனால், வில்லி மைக் முன்னால் நின்றபோது மட்டும் அந்த அதிர்ஷ்டம் அடிக்கவில்லை.

காரணம், அவர் பாடும் விதம். தாளத்துக்குச் சற்று முன்னே ஓடுவார். இல்லையென்றால் பின்தங்கி, சாவகாசமாக வந்து சேர்வார். பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போலிருக்கும். அன்றைய நாஷ்வில் தயாரிப்பாளர்களோ வயலின் கூட்டம், கோரஸ் என்று அடுக்கடுக்காக இசையைச் சேர்ப்பவர்கள். அந்தப் பெருவெள்ளத்தில் வில்லியின் குரல் மூழ்கிப்போனது.

இந்த நேரத்தில் நாஷ்வில் அருகே இருந்த அவர் வீடு தீப்பிடித்து எரிந்தது. எரியும் வீட்டுக்குள் ஓடி அவர் காப்பாற்றியவற்றில் ஒன்று, ‘ட்ரிகர்’ என்று செல்லமாகப் பெயர் வைத்திருந்த கிட்டார். நைலான் கம்பி போட்ட மார்ட்டின் கிட்டார் அது. வாசித்து வாசித்தே அதன் உடம்பில் ஓட்டை விழுந்துவிட்டது. அப்படியும் அவர் அதை விடவில்லை!

டெக்சாஸுக்கே திரும்பினார் வில்லி. ஆஸ்டின் நகரத்தில் நீள முடி வைத்த ஹிப்பி இளைஞர்களும், தொப்பி வைத்த பண்ணைக்காரர்களும் ஒரே அரங்கில் உட்கார்ந்து அவர் பாட்டைக் கேட்டார்கள். கோட் சூட்டுக்கு விடை கொடுத்த வில்லியும் முடி வளர்க்க ஆரம்பித்தார்.

குழந்தைகளுக்குப் பாடிய பாட்டு

அட்லாண்டிக் நிறுவனம் தன் கன்ட்ரி பிரிவை மூடியதும் வில்லி கொலம்பியாவுக்கு வந்தார். வரும்போதே ஒரு நிபந்தனை. ஆல்பத்தில் என்ன இருக்க வேண்டும், எப்படி இருக்க வேண்டும் என்ற முடிவு அவருடையது. ஒப்பந்தத்தில் இருந்த அந்த உரிமைதான் பிறகு ஆல்பத்தையே காப்பாற்றியது.

சரி, என்ன பாடுவது? அப்போது மனைவி கோனி ஒரு யோசனை சொன்னார். கொலராடோவிலிருந்து ஆஸ்டினுக்குக் காரில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். நீண்ட பயணம். குழந்தைகளைத் தூங்கவைக்க வில்லி பாடும் ஒரு பழைய கதைப்பாட்டு உண்டு. ஈடித் லிண்டெமன், கார்ல் ஸ்டட்ஸ் இருவரும் எழுதிய ‘ரெட் ஹெடட் ஸ்ட்ரேஞ்சர்’. ரேடியோவில் வேலை பார்த்த நாள்களிலேயே சிறுவர்களுக்காக அவர் ஒலிபரப்பிய பாட்டு அது. அந்தக் கதையையே ஒரு முழு ஆல்பமாக்கினால் என்ன என்றார் கோனி.

காரிலேயே கதை வளர்ந்தது. அந்த அந்நியன் யார், அவன் ஏன் தனியாகக் குதிரையில் அலைகிறான் என்று முன்கதையும் பின்கதையும் பிறந்தன. சில பாடல்களை வில்லியே எழுதினார். மற்ற இடங்களில் கதைக்குப் பொருந்திய பழைய பாடல்களைக் கோத்தார்.

டல்லாஸ் அருகே கார்லாண்ட் ஊரில் இருந்த ஆட்டம் சவுண்ட் ஸ்டூடியோவில் சில நாள்களிலேயே ஒலிப்பதிவு முடிந்தது. பியானோவில் அக்கா பாபி. ஹார்மோனிகாவில் மிக்கி ரஃபேல். டிரம்ஸில் பால் இங்லிஷ். எல்லோரும் அவருடன் ஊர் ஊராகச் சுற்றிய குழுவினர்தான். செலவு சுமார் 4,000 டாலர் என்று சொல்லப்படுகிறது. ஒரு பெரிய நிறுவனத்தின் ஆல்பத்துக்கு அது சில்லறைக் காசு.

அரை மணி நேரத்துச் சினிமா

கதை இதுதான். மனைவி தன்னைவிட்டு வேறொருவனுடன் போனதைத் தாங்க முடியாத ஒரு போதகர், இருவரையும் சுட்டுக் கொல்கிறார். பிறகு குற்றவுணர்வோடு குதிரையில் ஊர் ஊராக அலைகிறார். கடைசியில் வேறொரு காதலில் ஆறுதல் அடைகிறார். அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஓடும் ஆல்பம். ஆரம்பத்தில் வரும் மெட்டே இடையிடையே திரும்பத் திரும்ப வந்து பழைய பாவத்தை நினைவுபடுத்தும்.

இசை குறைவாக இருப்பதன் காரணம் இங்கேதான் புரியும். ஆளில்லாத வெட்டவெளியில் தனியாகப் போகிறவனின் கதை இது. பின்னால் 20 வயலின்கள் வாசித்தால் அவன் தனியாக இருக்கிறான் என்று யார் நம்புவார்கள்?

மனதில்லாமல்தான் கொலம்பியா ஆல்பத்தை 1975 மே மாதம் வெளியிட்டது. நடந்ததோ யாரும் எதிர்பார்க்காதது. ‘ப்ளூ ஐஸ் க்ரையிங் இன் த ரெயின்’ அக்டோபரில் கன்ட்ரி பட்டியலின் முதல் இடத்துக்கு ஏறியது. ஃப்ரெட் ரோஸ் 1940-களில் எழுதிய பழைய பாட்டு! 15 வருடங்களுக்கு மேலாக ரெக்கார்டு போட்டுக்கொண்டிருந்த வில்லிக்குப் பாடகராகக் கிடைத்த முதல் ‘நம்பர் ஒன்’ அதுதான். கிராமி விருதும் வந்தது. ஆல்பமும் கன்ட்ரி பட்டியலில் முதலிடம் பிடித்தது. ராக் இசை ரசிகர்களும் வாங்கினார்கள். பின்னாளில் 20 லட்சம் பிரதிகளைத் தாண்டியதற்கான இரட்டை பிளாட்டினம் சான்று கிடைத்தது. 1986-ல் வில்லியே நடிக்க, கதை சினிமாவாகவும் வந்தது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் பட்டியலிலும் இதைச் சேர்த்தது.

ஒரு நெருடல்

இன்று கேட்பவர்களுக்கு ஒரு கேள்வி எழாமல் இருக்காது. கதையில் இரண்டு பெண்கள் கொல்லப்படுகிறார்கள். ஒருத்தி மனைவி. இன்னொருத்தி, அந்த அந்நியன் உயிராக வைத்திருக்கும் குதிரையின் மேல் கை வைத்தவள். குதிரையைத் திருட வந்தாள் என்று சொல்லி அவனைத் தண்டனையில்லாமல் விட்டுவிடுகிறது கதை. மன்னிப்பும் புது வாழ்க்கையும் கொன்றவனுக்கு மட்டும்தான். செத்தவர்கள் பக்கத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை.

இத்தனைக்கும் ஒரு வருடம் முன்பு வந்த ‘ஃபேஸஸ் அண்ட் ஸ்டேஜஸ்’ ஆல்பத்தில் ஒரு மணமுறிவை, ஒரு பக்கம் மனைவியின் பார்வையிலும் மறுபக்கம் கணவனின் பார்வையிலும் பாடியவர் இதே வில்லிதான். இந்த ஆல்பத்தை அழகானது என்று சொல்லும்போதே அந்த நெருடலையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம். மென்மையான குரலில் பாடினாலும் கொலை கொலைதான்.

அப்படியும் இந்த ஆல்பம் சொல்லித்தரும் ஒரு விஷயம் மாறவில்லை. வில்லி நெல்சனிடம் புதிதாக எதையும் சேர்த்து யாரும் அவரை ஜெயிக்க வைக்கவில்லை. அவர் மேல் சுமத்தியிருந்ததை எல்லாம் இறக்கிவைத்த பிறகுதான் அந்தக் குரல் ஊருக்குக் கேட்டது. அப்போது அவருக்கு வயது 42.

இன்றிரவு வீடு அடங்கிய பிறகு ஹெட்போன் மாட்டி ‘ப்ளூ ஐஸ்’ பாட்டை ஒருமுறை கேட்டுப் பாருங்கள். இரண்டரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அதில் எதையாவது சேர்க்க வேண்டும் என்று தோன்றுகிறதா, சொல்லுங்கள்!