வாகனந் திருத்தும் உரிமை யாருக்குரியது?

மோட்டார் வாகனத்தை விலைகொடுத்து வாங்கியவனே அதன் சொந்தக்காரன் எனச் சட்டம் கூறுகின்றது. ஆனால் அவ்வாகனத்தின் எண்ணெயை மாற்றுவதற்கும், அதன் முன்பலகையில் எரியும் மஞ்சள் விளக்கின் பொருளை அறிவதற்கும் அவன் முகவர் நிலையத்தின் வாயிலிற் கைகட்டி நிற்கவேண்டுமாயின், அவ்வுடைமை எத்தகையது? இவ்வாறு வினவுவோரை நோக்கி, "வாகனம் இன்று கணினியாகிவிட்டது, அதனைத் தொடுவது நிபுணர் தொழில்" என விடையிறுக்கும் ஒரு சாரார் நம் மத்தியில் உளர். அவர்களுட் பலர் படித்தவர்கள் என்பதே வேதனைக்குரியது. அவர்தம் கூற்றை மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் முகவரின் பற்றுச்சீட்டை எடுத்து நோக்குவோம். அதிற் கூலி, உதிரிப்பாகம் என இரு பிரிவுகள் இருக்கும். கூலியானது தொழிலாளி உண்மையிற் செலவிட்ட நேரத்திற்கன்றி, அவ்வேலைக்கெனக் கையேட்டில் முன்கூட்டியே விதிக்கப்பட்ட மணித்தியாலங்களுக்கே பெரும்பாலுங் கணிக்கப்படுகின்றது. நான்கு மணித்தியாலம் என விதிக்கப்பட்ட வேலை இரண்டில் முடிந்தாலும் நாம் செலுத்துவது நான்கிற்கே. உதிரிப்பாகமோ வாகனக் கொம்பனியின் பெயர் பொறித்த பெட்டியில் வருகின்றது. ஆயின் வாகனக் கொம்பனிகள் ஸ்பார்க் பிளக் போன்றவற்றைப் பெரும்பாலும் தாமே செய்வதில்லை, டென்சோ, என்.ஜி.கே., பொஷ் முதலிய கொம்பனிகளிடமிருந்து பெறுகின்றன. செய்தவனின் பெட்டியில் வரும் அதே பொருளைக் கடைத்தெருவிற் குறைந்த விலைக்கு வாங்கலாம். (கடைத்தெருவிற் போலிகளும் உண்டு. பார்த்து வாங்கத் தெரியவேண்டும் என்பதற்கு அது நியாயமேயன்றி, வாங்கவே கூடாது என்பதற்கன்று.) வாகனத்தின் உள்ளே வரும் காற்றை வடிக்கும் பில்ரரை மாற்றுவதற்கும் ஒரு தொகை அறவிடப்படும். யப்பானிய வாகனங்கள் பலவற்றில் அது இடப்பக்க இருக்கைக்கு முன்னாலுள்ள சிறுபெட்டியின் பின்புறத்தே இருக்கின்றது. அப்பெட்டியைக் கழற்ற ஸ்பானர்கூட வேண்டியதில்லை. இரு கைகளும் ஐந்து நிமிடமும் போதும்.

இதனினும் பெரிய கொள்ளை வேறோரிடத்தில் நிகழ்கின்றது. முகவர் நிலையம் பழுதைத் திருத்துவதில்லை. பழுதான உறுப்பை முழுமையாகக் களைந்து புதியதைப் பொருத்துகின்றது. எனது உறவினர் ஒருவரின் வாகனத்திற் பற்றறி மின்னேற்றம் பெறாது போயிற்று. அல்ரனேற்றரையே மாற்றவேண்டும் என முகவர் நிலையத்திற் கூறினர். அவர் அதனைக் கழற்றிச் சந்தியிலுள்ள மின்திருத்துநர் ஒருவரிடங் கொடுத்தார். தேய்ந்திருந்தவை அதனுள்ளே இருக்கும் 'பிறஷ்' எனப்படும் இரு சிறு கரித்துண்டுகள் மாத்திரமே. அவற்றை மாற்றியதும் வேலை முடிந்தது. 2022 இல் ஒரு டொலரின் விலை 200 ரூபாவளவிலிருந்து சில வாரங்களில் 350 ரூபாவையுங் கடந்த ஒரு நாட்டில், திருத்தக்கூடிய உறுப்பைக் குப்பையில் எறிந்து புதியதை இறக்குமதி செய்வது தனியொருவரின் நட்டம் மட்டுமன்று.

நிபுணரும் முகவருமின்றி வாகனம் ஓடாது என்போர் இந்நாட்டின் அண்மைய வரலாற்றையே மறந்தவராவர். 1990 யூனில் யுத்தம் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாட்டிற்குப் பெற்றோல் தடைசெய்யப்பட்டது. எமது தலைமுறை பிறக்குமுன்னரான அவ்வாண்டுகளில் அங்கு மொறிஸ் மைனர்களும் ஒஸ்ரின் கார்களும் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது என்பதை அறிந்தோர், காபரேற்றரிற் சில துளி பெற்றோலை விட்டு இயந்திரத்தை முடுக்கி, அது சூடேறியபின் மண்ணெண்ணெயில் ஓட்டினர். அழுத்த விகிதங் குறைந்த பழைய இயந்திரங்கள் அதனைப் பொறுத்துக்கொண்டன. எரியாத மண்ணெண்ணெய் கசிந்து இயந்திர எண்ணெயை நீர்த்துப்போகச் செய்யும் என்பதும், புகைபடிந்த பிளக்கை அடிக்கடி துடைக்கவேண்டும் என்பதும் ஓட்டியவர்களுக்கு அநுபவத்திற் புரிந்தன. எந்த முகவரின் கையேட்டிலும் இப்பாடம் இருக்கவில்லை.

"அவை பழைய கார்கள், இன்றைய ஹைபிரிட் வாகனத்திற் கைவைப்பாயா?" என எதிர்வாதம் எழும். ஹைபிரிட் வாகனத்தின் செம்மஞ்சள் நிற மின்வடங்களில் உயிரைக் குடிக்கும் மின்னழுத்தம் ஓடுகின்றது. அவற்றையும், விபத்தில் விரியும் காற்றுப்பைகளையும் பயிற்சியற்றவர் தொடலாகாது. இதில் எமக்கும் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் பல ஹைபிரிட் கார்களிற் பின்னிருக்கை அருகேயுள்ள காற்றுத் துவாரம் தூசியால் அடைபட்டால், பெரிய பற்றறி வெம்மையுற்று விரைவிற் கெடும். அத்துவாரத்தைத் துப்புரவாக வைத்திருக்க நிபுணர் வேண்டுமா? ஒரு பகுதி ஆபத்தானது என்பதைக் காட்டி முழு வாகனத்தையும் பூட்டிவைப்பதே முகவரின் தந்திரம்.

கணினி பற்றிய வாதமும் இத்தகையதே. பழுதின் குறியீட்டை வாசிக்கும் பொதுவான இணைப்பு ஒன்று 1996 ஆம் ஆண்டு மாதிரி முதல் அமெரிக்காவில் விற்கப்படும் கார்கள் அனைத்திலுங் கட்டாயமாக்கப்பட்டது. புகையைக் கட்டுப்படுத்துவதற்கென வந்த அவ்விதியே சாதாரண திருத்துநருக்குங் கதவைத் திறந்தது. அக்கதவை மீண்டும் அடைக்க முயல்வோர் கொம்பனிகளே. மசாச்சுசெற்ஸ் மாநிலத்தில் 2020 நவம்பரில் நடந்த வாக்கெடுப்பில், கம்பியின்றிக் கொம்பனிக்குச் செல்லும் வாகனத் தரவுகள் உரிமையாளருக்குங் கிடைக்கவேண்டும் என ஏறத்தாழ 75 சதவீதத்தினர் தீர்ப்பளித்தனர். அதே மாதத்தில் உற்பத்தியாளர் சங்கம் நீதிமன்றஞ் சென்றது. பி.எம்.டபிள்யூ. கொம்பனியோ, காரில் ஏற்கனவே பொருத்தப்பட்டிருந்த இருக்கைச் சூடாக்கியைப் பயன்படுத்த மாதக் கட்டணம் அறவிடும் முறையை 2022 இற் சில நாடுகளிற் புகுத்தி, எதிர்ப்பின் பின் 2023 இற் கைவிட்டது. இங்கே நடப்பது தொழினுட்ப வளர்ச்சியா, அறிவின் ஏகபோகமா?

கொம்பனிகளின் மீது மட்டும் பழிசுமத்துவதும் நேர்மையாகாது. விரிவுரை மண்டபத்தில் உழைப்பின் மகத்துவம் பற்றி மணிக்கணக்கிற் பேசும் நாம், மோட்டார் சைக்கிளின் சங்கிலி தளர்ந்தால் அதனை இறுக்க ஆள் தேடி ஓடுகின்றோம். கையில் எண்ணெய் படுவது இழிவென்ற எண்ணம் நம்மிடம் இருக்கும்வரை முகவருக்கு விளம்பரமே தேவையில்லை.

உத்தரவாதம் ரத்தாகிவிடும் என்பதே இறுதி மிரட்டல். கொம்பனியின் சேவையையோ பொருளையோ இலவசமாக வழங்கினாலன்றி, அதனையே பயன்படுத்தவேண்டும் என உத்தரவாதத்திற்குப் பொதுவாக நிபந்தனை விதிக்கலாகாது என அமெரிக்கா 1975 இலேயே சட்டமியற்றிவிட்டது. எமது நாட்டில் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தினால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை நிறுவப்பட்டுள்ளது. ஒவ்வொரு முகவர் நிலையமும் தனது கூலி விகிதத்தையும், ஒவ்வொரு வேலைக்கும் விதித்துள்ள மணித்தியாலங்களையும், உத்தரவாதத்தின் நிபந்தனைகளையும் மும்மொழிகளிலும் வாயிலிற் காட்சிக்கு வைக்கவேண்டும் என அச்சபை கட்டளையிடவேண்டும்; கழற்றிய பழைய உறுப்பு உரிமையாளரின் கையில் திருப்பிக் கொடுக்கப்படவும் வேண்டும்.