நடுச்சுவரும் குழம்பு மணமும்



இலண்டன் மாநகரில் பணிபுரியும் நம் பங்கு இளைஞர் ஒருவர் விடுமுறையில் கம்பத்திற்கு வந்தபோது நம்மைக் கண்டு உரையாடினார். "சாமி, அங்கே சவுத்தால் பகுதியில் இந்தியர் உணவகமும் பாகிஸ்தானியர் உணவகமும் அடுத்தடுத்து இருக்கின்றன. கண்ணை மூடி உண்டால் எது யாருடையதென்று தெரியாது" என்றார்.

இதில் வியப்பில்லை. 1810-ஆம் ஆண்டிலேயே இலண்டனில் இந்திய உணவகம் திறந்தவர் பாட்னாவில் பிறந்த தீன் முகமது. அன்று இரு நாடுகள் ஏது? 1947-இல் எல்லைக்கோடு பஞ்சாபை இரண்டாகப் பிளந்தது. அப்பிரிவினையின்போது பெஷாவரை விட்டுத் தில்லிக்கு வந்த குந்தன்லால் குஜ்ரால், தரியாகஞ்சில் 'மோத்தி மஹால்' உணவகத்தைத் தொடங்கினார். பெஷாவரின் தந்தூர் அடுப்புச் சமையல் அவருடன் தில்லிக்கு வந்தது. நிலம் பிரிந்தது, போர்களும் மூண்டன, நாவின் சுவை மட்டும் பிரியவில்லை.

நம் பள்ளத்தாக்கின் நிலை என்ன? தந்தையின் திராட்சைத் தோட்டத்தைப் பாகம் பிரித்த அண்ணனும் தம்பியும், வாய்க்கால் தண்ணீருக்காகச் சச்சரவிட்டு, ஒருவர் வீட்டில் மற்றவர் கைநனைப்பதில்லை. மாமியாரிடம் கற்ற கைப்பக்குவம் இரு மருமகள்களிடமும் ஒன்றே. குழம்பின் மணம் நடுச்சுவரைத் தாண்டுகிறது, உடன்பிறந்தோர் தாண்டுவதில்லை. ஒரே திருவிருந்தில் பங்குபெறும் நமக்கு இது தகுமா?

தம்பிமாரே, வரும் ஞாயிறு பூசை முடிந்ததும் அண்ணன் வீட்டு வாசலில் நின்று, "மதினி, சாப்பாடு ஆயிற்றா?" என்று கேளுங்கள். பிரித்த பாகம் பிரிந்தபடியே இருக்கட்டும், பந்தியேனும் ஒன்றாகட்டும்.